மயில் ரூபாயும் தஞ்சாவூர் வண்டியும்

உட்காருங்கள் தம்பி, தாராளமாக உட்காருங்கள். வேறு யாரும் இந்த இடத்துக்கு வரமாட்டார்கள். கொஞ்ச நாளாகவே என் பக்கத்தில் யாரும் நிலைப்பதில்லை. ஏறுகிறவர்கள் உட்காருவார்கள், வல்லம் வருவதற்குள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து பின்னால் போய்விடுவார்கள். திருச்சி வரைக்கும் நின்றுகொண்டே போனாலும் போவார்களே தவிர, இங்கே உட்கார மாட்டார்கள். நான் அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். வாடை அப்படி.

உங்களுக்கு ஜலதோஷமா? கைக்குட்டையைப் பார்த்ததும் நினைத்தேன். ரொம்ப நல்லது. ஜலதோஷம் நல்லது என்று சொல்லவில்லை. சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடியுங்கள். தும்மல் வந்தால் முழங்கையை மடக்கி அதற்குள் தும்முங்கள். நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் தாயுமானவன், உறையூரில் வீடு. சுகாதாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

எங்கே போகிறேன் என்றா கேட்டீர்கள்? எங்கேயும் போகவில்லை. காலையில் திருச்சியில் ஏறினேன், இப்போது திருச்சியில் இறங்குவேன். நடுவில் தஞ்சாவூர் வந்தது. வண்டி அங்கே கொஞ்ச நேரம் நின்று திரும்பும். நான் இறங்குவதில்லை. இதே சீட்டில், இஞ்சின் சூடு காலில் படும்படி உட்கார்ந்திருப்பேன். திரும்பி வரும்போது மறுபடி டிக்கெட் எடுப்பேன். கண்டக்டர் முதலில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்போது கேட்காமலே டிக்கெட்டைக் கொடுத்துவிடுகிறார்.

சிரிக்காதீர்கள். ஒரு வெள்ளி ரூபாய்க்காக இதைச் செய்கிறேன். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே நியாயம் விளங்கும். மடியில் இருக்கும் இந்தப் பாக்ஸைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கை வைக்காதீர்கள், சுடும்.

என் அப்பா டிரஷரியில் வேலை பார்த்தவர். நாள் முழுக்கச் சர்க்கார் காசை எண்ணிவிட்டு, வீட்டுக்கு வந்து பழைய காசை எடுத்து வைத்துக்கொள்வார். ஓட்டைக் காலணா, செப்புக் காசு, ராஜா தலை போட்டது, ராணி தலை போட்டது எல்லாம் பிஸ்கட் டின்களில் கிடக்கும். அவற்றில் ஒன்றுதான் இந்த விக்டோரியா ராணி ரூபாய். வெள்ளி. அபூர்வமான அச்சு என்பார். அபூர்வமோ இல்லையோ, அப்போது வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. அதுதான் எனக்கு முக்கியம்.

எனக்கு ஒரு தங்கை, தையல்நாயகி. தையல் என்று கூப்பிடுவோம். கலியமூர்த்தி என்று ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு தஞ்சாவூருக்குப் போய்விட்டாள். நல்ல மனிதர்தான். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். வண்டி வரும் நேரம், போகும் நேரம் பார்த்து விசில் ஊதி அனுப்புகிற வேலை. ஆனால் கறி, மீன், முட்டை எல்லாம் புழங்குகிற வீடு. நாங்கள் சைவம். வெங்காயத்தையே கொஞ்சம் யோசித்துத்தான் நறுக்குவோம்.

அப்பா கூடத்தில் நின்று, எங்கள் எல்லார் முன்னாலும், நடராஜர் படத்தைப் பார்த்து, "இனிமே அவ வாசலை மிதிக்க மாட்டேன்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். "நானும்" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. அப்பாகூடத் திரும்பி, "உன்னை யாருடா கேட்டா?" என்றார். இருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான். இன்று வரைக்கும் நான் மிதிக்கவில்லை.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. மாதம் பிறந்தால் தஞ்சாவூருக்குப் போய்வருவார். அங்கே பழைய காசு நிறையக் கிடைக்கிறதாம். கிடைத்தால் போட்டுக்கொண்டு வர ஒரு காலி டிபன் பாக்ஸ். ஒப்பிட்டுப் பார்க்க இந்த ராணி ரூபாய். போகும்போது அதை அந்தப் பாக்ஸுக்குள் போட்டுக்கொள்வார், கலகலவென்று சத்தம் கேட்கும்.

சாயங்காலம் திரும்பி வருவார். "ஏம்ப்பா, ஏதாவது கெடைச்சுதா?" என்று கேட்பேன்.

"இன்னைக்கு நல்ல சரக்கு இல்லப்பா" என்பார், ஏப்பம் விட்டுக்கொண்டே.

ஒரு முறைகூட ஒரு காசு வாங்கி வந்ததில்லை. பாவம், அலைச்சல்தான் மிச்சம். அன்றைக்கு ராத்திரி சாப்பாடும் வேண்டாம் என்றுவிடுவார். வயதானவர்களுக்குப் பஸ் பயணம் பசியை மந்தித்துவிடும். அது மட்டுமல்ல. ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைத்தறியாத மனிதர், தஞ்சாவூர் போய்வந்தால் அந்த டிபன் பாக்ஸைத் தானே கொல்லைக் குழாயில் கழுவுவார். வாயில் துளசி மென்றுகொண்டே கழுவுவார். கழுவவும் தெரியாது. மூடியின் விளிம்பில் ஒரு வாடை நின்றுபோகும். எனக்குத் தொழில் மூக்கு, உடனே பிடித்துவிடுவேன். "என்னப்பா வாடை?" என்றால், "பஸ்ஸு வாடைடா" என்பார். இருக்கும். பஸ்ஸில் எதை எதையோ ஏற்றுகிறார்கள்.

ரூபாயை அந்தப் பாக்ஸிலேயே மூடி, பீரோவில் வைத்துவிடுவார். அடுத்த மாதம்தான் எடுப்பார்.

அப்படியே வருஷம் போகப் போக அந்தக் காசு அழுக்கேற ஆரம்பித்தது. முதலில் விளிம்பில் ஒரு மஞ்சள். பிறகு செம்பு மாதிரி ஒரு சிவப்பு. அப்புறம் ஊதா. கடைசியில் ராணியின் கன்னத்தில் நீலமும் பச்சையுமாக ஒரு பளபளப்பு. பெட்ரோல் பங்கில் மழைத்தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்குமே, அந்த மாதிரி. அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து வந்ததும், "இதுக்குப் பேரு மயிலு" என்றார். யார் வைத்த பேர் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு போகிக்கும், "குடுங்கப்பா, விளக்கித் தர்றேன்" என்று கேட்பேன். "கையை ஒடிச்சுடுவேன்" என்பார்.

போன வருஷம் அப்பா காலமானார். தையல் வந்திருந்தாள். எல்லாம் முடிந்து புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வீடு, நகை எதுவும் எனக்கு வேணாம். மத்தக் காசையெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. அந்த மயிலை மட்டும் எனக்குக் குடுங்க."

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. அவள் கல்யாணமாகிப் போனபோது அது வெறும் வெள்ளை ரூபாய். மயில் என்ற பேரே பின்னால் வந்தது. இவளுக்கு எப்படித் தெரியும்? சொந்தக்காரர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். நம் ஆட்களுக்கு வாய் நிற்காது. விலை உயர்ந்த பொருள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள், அதனால் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தாலும் நான் மறுக்கவில்லை. "தலைத் திவசத்தன்னைக்கு வா. முறைப்படி மதிப்புப் போட்டு, உன் கையில குடுக்கிறேன்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மதிப்பெல்லாம் எதுக்குண்ணே" என்றாள். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

வல்லம் வந்துவிட்டது பாருங்கள். நீங்கள் எழுந்திருக்கவில்லை. சந்தோஷம்.

தெப்பக்குளம் பக்கத்தில் லாரன்ஸ் மாசிலாமணி என்று ஒருவர் பழைய நாணயமும் தபால்தலையும் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவரை மதிப்புப் போட வீட்டுக்கு வரச் சொன்னேன். வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணை அழுக்குப் புடவையோடா உட்கார வைப்போம்? அவர் வருகிற அன்று காலையில் மயிலை எடுத்தேன். பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. இது எங்கள் வீட்டுச் சட்டம். விபூதியைக் குழைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் ராணியின் காது மடல், கொண்டை ஒன்று விடாமல் தேய்த்தேன். அடேயப்பா, என்ன அழுக்கு! விபூதி கறுப்பாக வழிந்தது. தேய்த்து முடித்ததும் ராணி அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தாள். என் மனைவி மட்டுவார்குழலிகூட, "குத்துவிளக்கையும் இப்படித் தேய்ச்சுக் குடுங்களேன்" என்றாள்.

மாசிலாமணி வந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார். காப்பியை எட்டத் தள்ளி வைத்தார். நான் மயிலை ஒரு வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினேன். அவர் லென்ஸை எடுத்தார். பார்த்தார். லென்ஸை வைத்தார். கையுறையைக் கழற்றினார்.

"யார் செஞ்சது?" என்றார்.

"எது?"

"இந்தக் கொலை."

"கொலையெல்லாம் இல்லைங்க, விபூதிதான்" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது, தம்பி. நிஜமாகவே கலங்கிவிட்டது. "சார், அழுக்கு வேற, நிறம் வேற. வெள்ளி வருஷக்கணக்கா மெல்ல மெல்ல நிறம் மாறும். தானா மாறினா அதுக்குத்தான் மதிப்பு. அது வெள்ளியோட தோலு. நீங்க தூசி தட்டல சார், தோலை உரிச்சிட்டீங்க" என்றார். "உங்கப்பா ஒரு தடவை இதை என் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். விலைக்குக் கேட்டேன். இன்னும் முடியலைன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னைக்கு இருந்த மாதிரி இருந்தா, இதை வித்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். இப்ப அந்த மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சீட் கவர் வாங்கலாம்."

பிறகு, "ஒரு நிமிஷம் எல்லாரும் எந்திரிச்சு நிக்கலாமா?" என்று கேட்டார். எதற்கென்று தெரியாமலே நின்றோம். பால் கணக்குப் பார்க்க வந்தவர்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்புறம் எல்லாரும் உட்கார்ந்தோம்.

"இதை எதுல வச்சிருந்தார்?" என்றார்.

"டிபன் பாக்ஸுல" என்று அதை எடுத்துக் காட்டினேன்.

"அதுல என்ன கொண்டுபோவார்?"

"ஒண்ணுமில்லை, காலியாத்தான் போகும். கொண்டுபோயிருந்தாலும் தயிர் சாதம்தான் இருக்கும்."

"தயிர் சாதத்துக்கு அந்த நிறம் வராது சார். கந்தகம் படணும். முட்டையில இருக்கும்."

"நாங்க சைவம்" என்றேன், கொஞ்சம் கண்டிப்பாகவே.

அவர் என்னைப் பார்த்தார். டிபன் பாக்ஸைப் பார்த்தார். போகும்போது படியில் நின்று, "சார், சில பேரு அவிச்ச முட்டையை வச்சு மூடி, சூடு காட்டி, அவசரமா நிறம் ஏத்துவாங்க. போலி வேலை. தயவுசெஞ்சு அதை மட்டும் செஞ்சுடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நன்றி சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். அவிச்ச முட்டை, மூடி, சூடு. எவ்வளவு சுலபம்! அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் முட்டையை எப்படி அவிப்பது? தம்பி, என் வாழ்க்கையில் முட்டையை ஆய்வு செய்திருக்கிறேன், அழுகியதைப் பறிமுதல் செய்து புதைத்திருக்கிறேன். அவித்ததில்லை. எனக்குத் தெரிந்து முட்டை அவிக்கிற ஒரே ஆள் தையல்தான். போன் போட்டேன். அதுவும் கல்யாணத்துக்குப் பிறகு நானாக அவளுக்குப் போட்ட முதல் போன்.

"தையலு, முட்டை எவ்வளவு நேரம் வேகணும்?"

"யாருக்குண்ணே?" என்றாள்.

"எனக்குத்தான். வேற யாருக்கு?"

அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பா மாதிரியே கேக்குறீங்கண்ணே. அப்பா மாதிரியே கேக்குறீங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்பா முட்டை என்ற வார்த்தையையே எங்கள் வீட்டில் சொன்னதில்லை. துக்கத்தில் இருக்கிறவர்கள் என்னத்தையாவது பேசுவார்கள். தண்ணீர் கொதித்த பிறகு எவ்வளவு நேரம், ஓடு எப்படி உரிப்பது எல்லாம் கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. மயிலை விளக்கியது அவளுக்குத் தெரிய வேண்டாம். விளக்கியது தப்பு என்பதற்காக அல்ல. சுத்தம் எப்படித் தப்பாகும்? அவள் ஆசையாகக் கேட்டது நிறத்தோடு இருக்கிற மயிலை. திவசத்தன்று அவள் கையில் நிறத்தோடுதான் கொடுக்க வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லையே அவள்.

முட்டையைக் கொல்லையில், மண் அடுப்பில், முகமூடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு அவித்தேன். அப்பாவின் அதே டிபன் பாக்ஸில் முட்டையைப் பிட்டு வைத்து, மேலே ஒரு சின்னத் தட்டில் ரூபாயை வைத்து மூடினேன். மூடி, மொட்டைமாடியில் வெயில் படுகிற இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

கொஞ்ச நாளில் தெரு முழுக்க வாடை. எல்லாரும் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். பின்னே, தெருவில் சுகாதாரம் தெரிந்தவன் நான் ஒருவன்தானே? எதிர்வீட்டு ஆடிட்டர், "சார், ஏதோ செத்துக்கெடக்கு. நீங்க வந்து பார்த்தாத்தான் ஆகும்" என்றார். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு சாக்கடையாக மூடி திறந்து பார்த்தேன். மூலை வீட்டில் அழுகிக் கிடந்த வாழைச் சருகை அள்ளச் சொன்னேன். அடைப்பெடுத்தார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். வாடை போகவில்லை, ஆனால் தெரு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அந்த வகையில் முட்டைக்கு ஒரு நன்மை உண்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

குழலிதான் கண்டுபிடித்தாள். வடகம் காயவைக்க மாடிக்குப் போனவள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள்.

"ஏங்க, அத்தனை வருஷ நிறத்தைத் தேச்சுக் கழுவி ஊத்திட்டு, இப்ப நாத்தத்தை வச்சுப் பூசை பண்றீங்களா?"

"தையலுக்காகத்தான்."

"தையலுக்காகன்னா நேராப் போயி அவகிட்டச் சொல்லுங்க. திவசம் வர்ற நேரத்துல இந்த வீட்டுக்குள்ள முட்டை இருந்தா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குக் கெளம்பிடுவேன். போறப்ப ஆடிட்டர்கிட்ட, செத்துக்கெடக்கறது எதுன்னும் சொல்லிட்டுப் போவேன்."

வீட்டில் வைக்க முடியாது. தெருவில் வைக்க முடியாது. ஊரில் வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது? சூடும் வேண்டும். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மயிலுக்கு நிறம் ஏறியது எப்போது? அப்பா தஞ்சாவூர் போய்வந்த காலத்தில். அப்படியானால் தஞ்சாவூர்க் காற்றில் ஏதோ இருக்கிறது. அதோடு முட்டையும் சேர்ந்து, இஞ்சின் சூடும் சேர்ந்தால்? இது விஞ்ஞானம், தம்பி. அன்றிலிருந்து தினமும் இந்த வண்டி. புதிது புதிதாக முட்டை அவித்து, மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன்.

செங்கிப்பட்டி தாண்டிவிட்டதா? சரி, சீக்கிரம் சொல்கிறேன்.

நிறம் ஏறியதா என்றால், ஏறியது. ஆனால் மயில் மாதிரி இல்லை. ஒரு பக்கம் வெளுப்பு. இன்னொரு பக்கம் குழம்புக் கறை மாதிரி ஒரு மஞ்சள். ராணிக்குக் காமாலை வந்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை திவசம். நான் கொஞ்சம் பதறிப்போய்த்தான் இருந்தேன்.

இன்றைக்கு வண்டி தஞ்சாவூர் ஸ்டாண்டில் நின்றது. டைம் கீப்பர் அறை இருக்கிற பக்கம் நான் பார்ப்பதில்லை, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். கலியமூர்த்தி அங்கே இருப்பாரே. இன்றும் திருப்பிக்கொண்டேன். கிளம்புகிற நேரம் ஆயிற்று. விசில் வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். ஜன்னல் கம்பியை யாரோ தட்டினார்கள்.

கலியமூர்த்தி. வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு, "மச்சான், கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்புங்க. தெனமும் அப்படியே உக்காந்திருந்தா கழுத்து சுளுக்கிக்கும்" என்றார்.

அவர் பின்னால் தையல். கையில் ஒரு பாக்ஸ்.

"என்னண்ணே இது? தெனமும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பிப் போறீங்களாம். இவங்க சொன்னப்ப நான் நம்பல."

"வேலையா வந்தேன்" என்றேன்.

"பஸ்ஸுக்குள்ளேயேவா?"

"பஸ்ஸுக்குள்ளதான் வேலை."

அவள் சிரித்துவிட்டாள். "அப்பாவும் இப்படித்தாண்ணே. இதே மாதிரி ஜன்னலோரம். எறங்கி வீட்டுக்கு வாங்கப்பான்னா வர மாட்டாங்க. வாசலை மிதிக்க மாட்டேன்னுதான சொன்னேன், ஜன்னலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேம்பாங்க. மயிலை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, காலி பாக்ஸை நீட்டுவாங்க. நான் ரொப்பிக் குடுப்பேன். இவங்க விசிலைக் கொஞ்சம் தாமசமா ஊதுவாங்க. அதுவரைக்கும் பேசிக்கிட்டிருப்போம்."

"எதை ரொப்புவே?"

"முட்டைதான். மொதல்ல அவிச்சது. எவ்வளவு நேரம்மா வேகணும்னு கேப்பாங்க, உங்களை மாதிரியே. அப்புறம் ஆம்லெட்டு பழகிட்டாங்க, மிளகு தூக்கலா. போற வழியிலேயே சாப்பிட்டுட்டு, காசை மறுபடி பாக்ஸுல போட்டுக்குவாங்க. அதுலதான் நிறம் ஏறுச்சு. மாசாமாசம் காட்டுவாங்க, பாரும்மா உன் முட்டையைன்னு. மயிலுன்னு பேரு வச்சதே நாந்தாண்ணே."

அப்புறம் கையை நீட்டினாள். "எங்க மயிலு? கொண்டாந்திருக்கீங்களா?"

வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, மடியிலிருந்த பாக்ஸை எடுத்துவிட்டாள். திறந்தாள். கலியமூர்த்தி இரண்டடி பின்னால் போனார். தையல் போகவில்லை. ரூபாயை எடுத்துத் தன் முந்தானையில் துடைத்தாள். வெளிச்சத்தில் சாய்த்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். கட்டைவிரலால் ராணியின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். டிரைவர்கூட ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"எங்கண்ணே போச்சு எல்லாம்?"

"விபூதி போட்டு விளக்கினேன். சுத்தமா இருக்கட்டும்னு" என்றேன். "அதான் இப்ப ஏத்திக்கிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஏத்திடுவேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் உதடு சிரித்தது. எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அப்பா மொத தடவை கொண்டாந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு. வெள்ளையா" என்றாள். அப்புறம், "இது மயிலு இல்லண்ணே. கோழிக்குஞ்சு. இப்பத்தான் முட்டையை விட்டு வந்திருக்கு" என்று ரூபாயை என் கையிலேயே வைத்து மூடினாள்.

"நீதானே கேட்டே? வச்சுக்க."

"இப்ப வாங்க மாட்டேன். நீங்க மாசாமாசம் கொண்டாங்க. இதே ஜன்னலுக்கு. நிறம் ஏறட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்."

"அது எப்ப ஏறுமோ? வருஷக்கணக்காகுமே!"

"ஆகட்டும்ண்ணே" என்றாள்.

நாற்றமெடுத்த பழைய பாக்ஸை அவள் வைத்துக்கொண்டாள். தேய்த்து அடுத்த மாதம் தருகிறாளாம். கொண்டுவந்திருந்த பாக்ஸை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தாள். கலியமூர்த்தி விசில் ஊதினார். வண்டி கிளம்பியது. அப்போது ஒருவர் ஓடி வந்து ஏறினாரே, அது நீங்கள்தான்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன், தம்பி. அப்பா எவ்வளவு பெரிய மனிதர்! ஒரு நாணயத்துக்கு நிறம் ஏற வேண்டும் என்பதற்காக, சுத்த சைவர், மாதம் தவறாமல் முட்டையைச் சகித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். யாருக்கும் தெரியாமல் செய்திருக்கிறார். நாணயக் கலைக்காக இப்படி ஒரு தியாகத்தை யார் செய்வார்கள்? தையலுக்கு இதெல்லாம் புரியாது, அவள் சின்னப் பெண். தன்னைப் பார்க்க வந்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் வாசலை மிதிக்கவில்லை, கவனித்தீர்களா? இந்த சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

இதுதான் அந்தப் பாக்ஸ். மிளகு வாசனை வருகிறதா? உங்களுக்கு வராது. எனக்கு வருகிறது. ஒரு ஸ்பூனும் செருகியிருக்கிறாள். எதற்கு ஸ்பூன் என்று முதலில் விளங்கவில்லை. நாணயத்தை வெறுங்கையால் தொடக்கூடாதல்லவா, அதற்காக இருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். ரூபாயை உள்ளே வைத்து மூடலாம் என்று பார்த்தால், இடமே இல்லை. விளிம்பு வரைக்கும் அடைத்து வைத்திருக்கிறாள். சூடு ஆறினால் நிறம் ஏறாது. எடுத்து வெளியே போட்டுவிடலாமா என்றால், ஓடுகிற வண்டியிலிருந்து உணவுப் பொருளைத் தெருவில் வீசுவது சுகாதாரக் கேடு. எத்தனை பேருக்கு அபராதம் போட்டிருக்கிறேன், நானே செய்ய முடியாது. கொஞ்சம் குறைத்தால்தான் ஆகும்.

தம்பி, ஒரு உதவி. துவாக்குடி வரைக்கும் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறீர்களா? அப்படித்தான். நான் சொல்கிற வரைக்கும் திரும்ப வேண்டாம்.

மயிலுக்கு இடம் பண்ண வேண்டும். வேறொன்றுமில்லை.